600 பேர் பந்தி, தங்கம், வாடகை முன்பணம்: கல்யாணத்தில் எதை முதலில் வைப்பது?

அனவ்ரதா பொண்ணு:

அக்கா, அண்ணன்மார், பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள். ஆவணியில் வைக்கலாமா, தையில் வைக்கலாமா என்று இன்னும் முடிவாகவில்லை. மாப்பிள்ளை ரங்கூனிலேயே கணக்கு எழுதும் வேலை பார்க்கிறார். நான் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறேன். இரண்டு வீட்டாருக்கும் மனஸ்தாபம் எதுவும் கிடையாது. ஆனால் இருக்கிற பணத்துக்குள் ஆளுக்கொரு ஆசை.

அப்பாவுக்கு தெய்ஞ்சி மார்க்கெட்டில் மசாலாக் கடை. சூரத்தி பஜார் என்றால் பெரியவர்களுக்குப் புரியும். கடைத்தெரு முழுக்கக் கூப்பிட்டு 600 பேருக்கு இலை போட வேண்டும் என்கிறார். அம்மாவுக்குத் தங்கம்தான் எல்லாம். "ஒரு கியாட்தா (இரண்டு பவுன்) நகையாவது இல்லாமல் உன்னை அனுப்ப மாட்டேன்" என்று நிற்கிறார். மாப்பிள்ளை வீட்டில் சாயங்காலம் ஹோட்டலில் வரவேற்பு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள், பர்மாக்காரர்கள் செய்வது போல மேடை, கேக், ஐஸ்கிரீமோடு.

எங்கள் இருவருக்கும் வேண்டியது தனியாக ஒரு வீடு. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே அண்ணன் குடும்பம் இருக்கிறது, ஒரே அறைதான் மிச்சம். ஆனால் இங்கே வாடகைக்குப் போனால் ஆறு மாதமோ ஒரு வருடமோ மொத்தமாக முன்னால் வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பணம் கல்யாணப் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

அப்புறம் என் அப்பாயி. முடோன் பக்கத்தில் சித்தப்பா வீட்டில் இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடமாட்டம் கட்டிலுக்கும் திண்ணைக்கும்தான். என்னை வளர்த்தவர் அவர். அவர் இல்லாமல் தாலி கட்டிக்கொள்வதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தால் எதுவுமே உருப்படியாக இருக்காது என்று தோன்றுகிறது. எதை முதலில் வைப்பது, எதை விடுவது? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

பகோ அக்கா:

தங்கச்சி, முதலில் பணத்தைப் பற்றிப் பேசுவதை ஒரு வாரத்துக்கு நிறுத்து. மாப்பிள்ளையும் நீயும் தனித்தனியாக உட்கார்ந்து, இது இல்லாவிட்டால் மனசு ஆறவே ஆறாது என்று படுவதை மட்டும் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம். எழுதி முடிக்கும் வரை ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. கலந்து பேசி எழுதினால் யார் குரல் பெரிதோ அவர் ஆசைதான் தாளில் ஏறும்.

அப்புறம் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் நான்கு பேரிடமும் தனித்தனியாகப் போய் ஒரே கேள்வி கேள்: "உங்களுக்கு இந்தக் கல்யாணத்தில் ஒன்றே ஒன்று கண்டிப்பாக நடக்க வேண்டும் என்றால் அது எது?" கூட்டத்தில் வைத்துக் கேட்டால் கௌரவம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். தனியாகக் கேட்டால் உண்மை வரும்.

எங்கள் தங்கைக்குப் பார்த்த சம்பந்தி ஐயா வாய் திறந்தால் சீர், பாத்திரம் என்றுதான் பேசுவார். எல்லோருக்கும் பயம். தனியாகக் கேட்டபோது அவர் சொன்னது: "பத்திரிகை தமிழில் இருக்கணும்மா. என் பிள்ளைக்குப் பெயர் வைத்தபோதே பர்மாப் பெயரும் சேர்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அவன் கல்யாணப் பத்திரிகையிலாவது என் அப்பா பெயர் தமிழ் எழுத்தில் வரணும்." ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மியம் என்று அச்சடித்தோம். கோயில் பள்ளியில் பாடம் எடுக்கும் ஒரு அம்மா உட்கார்ந்து எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கொடுத்தார். "திருவளர்செல்வன்" என்பதில் தேவையில்லாத ஒற்று சேர்ந்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். அந்தப் பத்திரிகைக்கு ஆன செலவு, அவர் கேட்பார் என்று நாங்கள் பயந்த சீரில் கால்வாசி கூட இல்லை. அதன்பிறகு அவர் வேறு எதையும் கேட்கவில்லை.

மோல்மேன்காரன்:

அப்பாயி விஷயத்துக்கு மட்டும் சொல்கிறேன் தங்கச்சி, மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ரங்கூனிலிருந்து மோல்மேன் சுமார் 300 கிலோமீட்டர், அங்கிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் போல முடோன். வழியில் எத்தனை இடத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இடுப்பு முறிந்த பெரியவரை அந்த ரோட்டில் கூட்டி வராதீர்கள். வண்டி நின்று நின்று போவதே அவர்களுக்கு வேதனை.

தாலி கட்டுவதை இங்கேயே ஏதாவது ஒரு கோயிலில் வைத்துக்கொண்டு, விருந்தை ரங்கூனில் வைக்கலாமே என்று முதலில் எழுத நினைத்தேன். ஆனால் ரங்கூனிலிருந்து நாற்பது பேர் வந்தாலும் தங்க வைக்க வேண்டும். யார் வீட்டில் இரவு தங்கினாலும் வார்டு ஆபீஸில் பெயர் கொடுக்க வேண்டும், அடையாள அட்டை நகல் வேண்டும். சித்தப்பா ஒருவர் தலையில் அத்தனையும் விழும்.

ஆவணி என்றால் யோசிக்கவே யோசிக்காதீர்கள். ரங்கூன் மழைக்கே நீங்கள் அலுத்துக்கொள்கிறீர்கள். அங்கே வருடத்துக்கு 2,700 மில்லிமீட்டர் போல என்றால் மோல்மேனில் 4,800 பக்கம். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் சில நாள் படகுதான் ஓடும்.

பஸுண்டவுங் தம்பி:

ஆவணியைப் பற்றி வேறொரு கணக்கும் உண்டு அக்கா. நான் மண்டபங்களுக்கு நாற்காலி, பந்தல் வாடகைக்கு விடும் கடையில் இருக்கிறேன்.

பர்மாக்காரர்கள் 'வா' மாதங்களில், அதாவது பௌத்தர்களின் மழைக்கால விரத மாதங்களில், கல்யாணம் செய்ய மாட்டார்கள். வாஸோ பௌர்ணமியிலிருந்து தடிஞ்சுட் பௌர்ணமி வரை, அதாவது ஜூலையிலிருந்து அக்டோபர் வரை மண்டபம் எல்லாம் காலியாகக் கிடக்கும். நம் ஆவணி முகூர்த்தம் அதற்குள்தான் வருகிறது. அப்போது போய்க் கேட்டால் நாளும் உங்கள் இஷ்டம், வாடகையும் பேசிக் குறைக்கலாம். தடிஞ்சுட் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள். நமக்கு மார்கழி ஆகாது, அதனால் கார்த்திகை, தை போன்ற மாதங்கள்தான் கிடைக்கும், அந்த நாட்களில் அவர்களோடு போட்டி போட வேண்டும். சித்திரையில் திஞ்ஞான் வந்தால் ஊரே மூடிவிடும், தண்ணீர் விழாவில் வேலைக்கு ஆள் கிடைக்க மாட்டார்கள்.

ஆக, காசுதான் முதல் என்றால் ஆவணி. ஆட்கள் வந்து சேர்வதுதான் முதல் என்றால் தை. மழையில் ஐயர் வருவார், மாலை வரும், ஆனால் வெளியூர்க்காரர் பாதிப்பேர் வர மாட்டார்கள்.

எந்த மாதமானாலும் மண்டபத்தில் ஒன்றை எழுதி வாங்குங்கள்: கரண்ட் போனால் ஜெனரேட்டர் டீசல் யார் செலவு? வாய்ப்பேச்சாக விட்டால் சாப்பாட்டு நேரத்தில் வந்து கேட்பார்கள். ஒரு மண்டபத்தில் மணமேடையில் விளக்கே இல்லாமல் அரைமணி நேரம் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். மேனேஜர் கையில் பணம் வந்த பிறகுதான் மெஷின் ஓடியது.

அனவ்ரதா பொண்ணு:

மண்டபம் காலியாக இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை தம்பி, நன்றி. ஆனால் முடோன் மழையை அண்ணன் சொன்ன பிறகு ஆவணி வேண்டாம் என்றே படுகிறது.

தாலி காளி கோயிலில் என்பது மட்டும் எனக்கும் அவருக்கும் ஏற்கெனவே முடிவான விஷயம். 1871இல் நம் ஆட்கள் கட்டிய கோயில். என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கேதான் நடந்தது. மண்டபத்தில் மணவறை ஜோடனைக்குக் கொடுக்கும் காசு அப்படியே மிச்சமாகும்.

600 பேர் விஷயம்தான் பெரிய கல். அதைப் பாதியாக்கினாலே ஒரு வருட வாடகை வந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது?

தாட்டோன் வாத்தியார்:

மகளே, பாதியாக்கு என்று இங்கே பலர் சொல்லப்போகிறார்கள். அதற்கு முன்னால் உன் அப்பா பக்கத்து நியாயத்தை நான் சொல்லிவிடுகிறேன். ஆடம்பரத்துக்காக அவர் கேட்கிறார் என்று நினைத்துவிடாதே.

1964இல் கடைகள் அரசுடைமை ஆனபோது நம் சனத்தில் பெரும்பகுதி கப்பல் ஏறிப் போய்விட்டது. போனவர்களுக்கு அந்தப் பக்கம் ஊர் இருந்தது, உறவு இருந்தது. இருந்துவிட்டவர்களுக்குத் தெருவில் மிச்சமிருந்தவர்கள்தான் உறவு. மச்சான் இல்லாத இடத்தில் பக்கத்துக் கடைக்காரர் மச்சான் முறை செய்தார். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லாமல் போனபோது, மாமன் சீர் வைத்தவர் சூலியா (தமிழ் முஸ்லிம்) வீட்டுப் பாய். தட்டில் தேங்காயும் பழமும் புடவையுமாக, தன் பெண்டு பிள்ளையோடு நடந்து வந்தார். அதை இன்றும் பேசுகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு மொய் நோட்டு இருக்கிறது. என் அப்பா காலத்தில் தொடங்கியது. அட்டை போய்விட்டது, துணி ஒட்டி வைத்திருக்கிறோம். ஒரு பக்கத்தில் "முத்து கடை, 5 கியாட், ஒரு சேவல்" என்று இருக்கும். பத்துப் பக்கம் தள்ளி, அதே முத்து கடை வீட்டு விசேஷத்துக்கு நாங்கள் செய்தது இருக்கும். சில பெயருக்கு எதிரே "போய்விட்டார்" என்று மட்டும் எழுதியிருக்கும். ஊருக்குப் போனாரா, உலகத்தை விட்டே போனாரா என்று அதில் இல்லை. அந்த நோட்டில் இருப்பவர்களை ஒருவர் விடாமல் கூப்பிடுவதுதான் உன் அப்பாவுக்குக் கல்யாணம். அவர் உண்ட இலைக்கு இலை போட நினைக்கிறார். கல்யாணத்துக்குக் கூப்பிடாதவன் வீட்டில் நாளைக்கு ஒரு சாவு விழுந்தால் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பது அவர் கவலை.

ஆகவே எண்ணிக்கையில் கை வைப்பதாக இருந்தால், தலையைப் பார்த்துக் குறைக்காதே. அப்பாவோடு உட்கார்ந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டு. வெறும் பழக்கத்துக்காக எழுதிய பெயரை அவரே அடிப்பார். நீ அடித்தால் அவருக்கு அவமானம்.

சாஞ்சவுங் கிளி:

வாத்தியார் ஐயா சொல்வது புரிகிறது. ஆனால் இருந்துவிட்டவர்கள் கஷ்டப்பட்டது அடுத்த தலைமுறை ஒரே அறையில் முடங்குவதற்கா? கொழுந்தனார் குடும்பத்தோடு ஒரே வீட்டில் புதுப் பெண் இருப்பது எவ்வளவு சிரமம் என்று இங்கே இருக்கும் பெண்களுக்குத் தெரியும். துணி மாற்றக்கூட நேரம் பார்க்க வேண்டும். முதல் வருடத்தில் வரும் சண்டையில் பாதி இடம் இல்லாத சண்டை. என்னைக் கேட்டால் வாடகை முன்பணத்தை முதலில் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, மிச்சத்தில் எத்தனை பேருக்குப் போட முடியுமோ அத்தனை பேர். தங்கமும் இப்போது தேவையில்லை. 2021 தொடக்கத்தில் ஒரு கியாட்தா 13, 14 லட்சம் கியாட் இருந்தது, 2024இல் 50 லட்சத்தைத் தாண்டியது. இந்த விலையில் யாராவது வாங்குவார்களா?

மொகல் தெரு அத்தை:

கிளி, நீ சொன்ன அந்தக் கணக்கே தங்கம் ஏன் வேண்டும் என்பதற்குப் பதில். 2021இல் வாங்கியவள் இன்று எங்கே இருக்கிறாள், நோட்டாக வைத்திருந்தவள் எங்கே இருக்கிறாள்?

உன் வயதுப் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டீர்கள். 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றுப் பணமும் கிடையாது. அதற்கு முன்னால் 1964இல் 50, 100 நோட்டு. என் அம்மா அரிசிப் பானைக்குள் சேர்த்து வைத்திருந்த கட்டைக் கொண்டுபோய் அடுப்பில் போட்டதைக் கண்ணால் பார்த்தேன். அழவில்லை, ஒவ்வொன்றாகப் போட்டார். காதில் கிடந்த தோடுதான் அந்த வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. உன் அம்மா வயதுப் பெண்கள் தங்கம் தங்கம் என்று ஏன் நிற்கிறார்கள் என்பது அப்போது புரியும். நகைக்கடை மோகம் என்று நினைக்காதே.

ஆனால் வாங்குவதில் விவரம் வேண்டும், அனவ்ரதா மகளே. ஒரு கியாட்தா பதினாறு கிராமுக்குச் சற்று மேல், ஊர்க் கணக்கில் இரண்டு பவுன். வேலைப்பாடு அதிகமான ஆரம், ஒட்டியாணம் என்று போனால் சேதாரமும் கூலியும் ஏறும். விற்கும்போது அது ஒன்றும் திரும்பி வராது. தங்கத்தின் தரத்தை இங்கே 'பெ' கணக்கில் சொல்வார்கள்: 16 பெ தங்கம் சொக்கம், 15 பெயில் நகை செய்வார்கள். எந்தத் தரம் என்பதையும் எடையையும் கடைச்சீட்டில் எழுதி வாங்கு. அதே கடையில் திருப்பிக் கொடுத்தால்தான் நல்ல விலை கிடைக்கும், சீட்டைத் தொலைக்காதே. மேடையில் மின்னுவதற்கு மாலையும் பட்டும் போதும். இரண்டு வளையலும் ஒரு சங்கிலியும், வழவழப்பாக, கல் இல்லாமல். அது உன் பெயரில் உன் பெட்டியில் இருக்க வேண்டும்.

வியாசர்பாடி பேத்தி:

எங்கள் தாத்தா ரங்கூனிலிருந்து வந்து சென்னையில் குடியேறியவர். மொய் நோட்டு என்று வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கூறைப்புடவை இங்கிருந்து வேண்டுமென்றால் சொல்லுங்கள் அக்கா, தி.நகரில் எடுத்து, வருகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். நிறமும் விலையும் மட்டும் சொன்னால் போதும்.

சமையல் மாஸ்டர்:

இவ்வளவு நேரம் 600 பேர் 600 பேர் என்று பேசுகிறீர்கள், பந்தியில் எங்கே காசு போகிறது என்று யாரும் சொல்லவில்லை. நான் அடுப்படியில் நின்று பார்ப்பவன், சொல்கிறேன் கேளம்மா.

நூறு பேருக்குச் சைவச் சாப்பாடு என்றால் அரிசி ஐந்து, ஐந்தரை ப்யீ (ஒரு ப்யீ சுமார் இரண்டு கிலோ). சாம்பாருக்குப் பருப்பு இரண்டு வீசை. 600 பேருக்கு அரிசி ஒன்றரை மூட்டைக்குள் அடங்கிவிடும். மூட்டைக்கு 24 ப்யீ. அரிசி நம் நாட்டு விளைச்சல். உளுந்தும் துவரையும் இந்தியாவுக்கே இங்கிருந்து கப்பல் ஏறுகிறது. காய்கறியும் பக்கத்தில் விளைவது. இதெல்லாம் உங்களை முறித்துவிடாது.

முறிப்பது எண்ணெய். அது வெளியிலிருந்து வருகிறது, டாலர் விலையில் ஏறுகிறது. இலையில் வடை, பூரி, அப்பளம், பஜ்ஜி, பொரித்த இனிப்பு என்று ஐந்து ஐட்டம் வைத்தால் 600 பேருக்கு எத்தனை டின் என்று நினைத்துப் பாருங்கள். வடை ஒன்று மட்டும் போடு, அது இல்லாமல் கல்யாண இலை கிடையாது. பூரி வேண்டாம். பாயசம் வை, எண்ணெய் இல்லாத இனிப்பு. அவியல், கூட்டு, பொரியல், ரசம், மோர் என்று வைத்தால் இலையும் நிறைவாக இருக்கும்.

அடுத்தது நேரம். முதல் நாள் இரவு பெண்ணழைப்புச் சாப்பாடு, காலையில் டிபன், மதியம் சாப்பாடு, சாயங்காலம் வரவேற்பில் டான்பவுக் பிரியாணி என்று நாலு வேளை வைக்கிறீர்கள். 600 பேருக்கு ஒரு வேளை போடுவதும் 150 பேருக்கு நாலு வேளை போடுவதும் எனக்கு ஒரே வேலை, உங்களுக்கு ஒரே செலவு. பெண்ணின் அப்பா கேட்பது 600 பேர் இலை. அது ஒரு வேளை. மற்ற மூன்று வேளையையும் யார் கேட்டது என்று முதலில் பாருங்கள். காலைத் தாலி, பதினொரு மணிக்கு முதல் பந்தி, இருநூறு இருநூறாக மூன்று பந்தி, இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்துவிடலாம். பகலில் முடிந்தால் ஜெனரேட்டருக்கும் வேலை குறைவு.

சைவமாக வைப்பதில் இன்னொரு நன்மை. பாய் வீட்டார் தயக்கமில்லாமல் உட்காருவார்கள். மாட்டிறைச்சி தொடாத பர்மாக்காரர்களும் எதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியதில்லை. கடைத்தெரு மொத்தமும் ஒரே பந்தியில் அமரும்.

வார்டு ஆபீஸ் அண்ணன்:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது, அதனால் குறுக்கே வருகிறேன். தாலியும் விருந்தும் நம் முறை, நம் வழக்கப்படி அது கல்யாணம்தான். ஆனால் நாளைக்கு எங்கே போனாலும் தாள் கேட்பார்கள். கோர்ட்டில் நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கிவிடுங்கள். இரண்டு பேர் அட்டையும் வீட்டுப் பட்டியலும் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒருவர் அட்டையில் ஒரு எழுத்து, பட்டியலில் வேறு எழுத்து என்றால் திருத்தவே மாதக்கணக்கில் ஆகும். நம் பெயர்களைப் பர்மியத்தில் ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். வாடகை வீட்டுக்குப் போனாலும் வார்டில் பதிய இதே தாள்தான்.

உங்கள் வயது 27க்குள் என்றால் கையெழுத்தை முகூர்த்தம் வரை தள்ளாதீர்கள். 2024இல் ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததில் பெண்களுக்கு 18 முதல் 27 வரை என்று இருக்கிறது, மணமான பெண்களுக்கு விலக்கு என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. கையெழுத்துக்குச் செலவு பெரிதாக இல்லை. எல்லாப் பட்டியலிலும் இதை மேலே எழுதுங்கள்.

அனவ்ரதா பொண்ணு:

பகோ அக்கா சொன்னபடி செய்தோம். நடந்ததை எழுதுகிறேன்.

என் தாளில் இருந்தவை: அப்பாயி, காளி கோயில், தனி வீடு. அவர் தாளில்: கடன் வாங்கக் கூடாது, தனி வீடு, அவருடைய பள்ளி வாத்தியார் வந்து ஆசீர்வாதம் செய்ய வேண்டும். அந்த வாத்தியாரைப் பற்றி அவர் என்னிடம் அதுவரை பேசியதே இல்லை. பத்தாவதில் ஃபீஸ் கட்டியவராம்.

மாமியாரிடம் நானே போய்க் கேட்டேன். ஹோட்டல் வரவேற்பு அவர்கள் ஆசை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். "மூத்தவனுக்கு வைத்தோம், உங்களுக்கு வைக்காவிட்டால் உங்கள் வீட்டில் குறையாக நினைப்பீர்களே என்றுதான் சொன்னேன்" என்றார். அவர்களுக்குக் கண்டிப்பாக வேண்டியது ஒரு குடும்பப் படம், எல்லோரும் பட்டு உடுத்தி, ஸ்டூடியோவில் எடுத்தது. மாமனாருக்கு மூச்சுத் தொந்தரவு, அதனால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வரவேற்பு வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். படத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எடுக்கிறோம், கல்யாணம் வரை காத்திருக்கப் போவதில்லை.

அம்மாவிடம் அத்தை எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஆரம் வேண்டாம், வளையலும் சங்கிலியும் என்று ஒப்புக்கொண்டார். ஒரு கியாட்தாவில் மட்டும் அசையவில்லை. இப்போது எனக்கும் அதில் வருத்தம் இல்லை.

அப்பாவோடு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன் வாத்தியார் ஐயா. எங்கள் வீட்டிலும் ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது, அலமாரியின் மேல் தட்டிலிருந்து எடுத்து வந்தார். இரண்டு இரவு ஆயிற்று. அவரே பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். கடைசியில் 430 பெயர். அதற்குக் கீழே போக மாட்டேன் என்றார், நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கதை சொன்னார். அதையெல்லாம் அவர் முன்பே சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

அப்பாயியிடம் போனில் கேட்டேன். நாங்கள் அங்கே வந்து கட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டதற்குக் கோபித்துக்கொண்டார். "என் ஒருத்திக்காக ஊரையே மழையிலும் ரோட்டிலும் இழுக்காதே. தாலியைக் கொண்டு வந்து என் கையில் கொடு. நான் மஞ்சள் கயிற்றில் கோத்துத் தருகிறேன். கோத்தது நான் என்றால் கட்டும்போது நான் இருந்த மாதிரிதான்" என்றார். தை முகூர்த்தத்துக்கு முன்னால், தடிஞ்சுட் கழிந்து மழை விட்டதும், அம்மாவும் நானும் போய் வருகிறோம்.

ஆக, கையெழுத்து அடுத்த மாதம். தாலி தையில் காளி கோயிலில். பகல் பந்தி ஒரு வேளை, சைவம். ஆறு மாத வாடகை தனியாக எடுத்து வைத்துவிட்டோம். ஒரு வருடம் முடியவில்லை.

சாஞ்சவுங் கிளி:

ஆறு மாதம் போதும் அக்கா, அதற்குள் அடுத்ததைச் சேர்த்துவிடலாம். வீடு பார்க்கும்போது தண்ணீர் மோட்டார் எந்த நேரத்தில் ஓடுகிறது என்று கேளுங்கள். கரண்ட் இருக்கும் நேரத்தில்தான் மேலே தண்ணீர் ஏறும், ஐந்தாறு மாடி என்றால் ரொம்பக் கஷ்டம். வாடகை குறைவு என்று மேல் மாடிக்குப் போகாதீர்கள்.

மோல்மேன்காரன்:

நீங்களும் அம்மாவும் வரும்போது முன்கூட்டிச் சொல்லுங்கள். சித்தப்பா வார்டில் பெயர் கொடுக்க இரண்டு பேர் அட்டை நகலும் வேண்டும், போட்டோ எடுத்து அனுப்பினாலும் சரி. தாலியைப் பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொண்டு வாருங்கள். கடைச்சீட்டும் கூட இருக்கட்டும், வழியில் கேட்டால் காட்டலாம்.

தாட்டோன் வாத்தியார்:

430 நல்ல எண். அப்பா கோடு போட்ட பெயர்களை அப்படியே விட்டுவிடாதே. கல்யாணம் முடிந்த வாரத்தில் நீங்கள் இருவரும் அவர்கள் வீட்டுக்குப் பலகாரத் தட்டோடு நேரில் போய் வாருங்கள். கூப்பிடவில்லையே என்ற குறை அதில் தீரும். நோட்டில் அவர்கள் பக்கத்தையும் தொடர்ந்து எழுது.

சமையல் மாஸ்டர்:

430 என்றால் நான் 480க்குப் போடுவேன், கடைத்தெரு என்றால் கூட வருவார்கள். தையில் வாழை இலைக்கு எல்லோரும் அலைவார்கள், பொங்கலும் சேர்ந்துகொள்ளும். இலைக்காரரிடம் கார்த்திகையிலேயே முன்பணம் கொடுத்துச் சொல்லி வைக்க வேண்டும், நுனி இலையாக. அப்புறம் கோயிலில் சமைக்க இடம் கிடைக்குமா, மண்டபத்தில்தானா என்பதைச் சீக்கிரம் கேட்டுச் சொல்லம்மா. விறகா கரியா என்பது அதைப் பொறுத்துத்தான்.